ஃபைப்ரோபிளாஸ்ட் ஒட்டுதல்: நீலகிரியின் சிறு ஆய்வகத்துக்கு எந்தச் செல், எந்த முறை?

வளர்ப்பில் இருக்கும் இணைப்புத் திசு செல்கள் நேரம் ஆக ஆக, நாள் ஆக ஆக ஒட்டும் விதத்தை எப்படி மாற்றிக்கொள்கின்றன என்பது, நீலகிரியில் முதுகலை ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் விஷயம். எடுத்துச் செய்ய வேண்டிய தலைப்புதான். காயம் ஆறுவது, தழும்பு இறுகுவது, எலும்பில் பதித்த உலோகத்தைத் திசு ஏற்றுக்கொள்வது என எல்லாவற்றிலும், இந்தத் திசுவின் முக்கியச் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட் எதைப் பற்றுகிறது, எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. விலை உயர்ந்த கருவி இல்லாமலே இதில் உருப்படியான வேலை செய்யலாம். ஆனால் தொடக்கத்தில் தேர்வு தப்பிவிட்டால், ஆறு மாத உழைப்புக்குப் பிறகும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஆய்வகத்தில் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய வேலை என்றால், கோழிக்கருவிலிருந்து நேரடியாக எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லைத் தேர்ந்தெடுப்பேன். தட்டில் விட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கழுவி எண்ணும் முறை; அதற்கு அப்புறம், புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினில் செல் கழல எடுக்கும் நேரத்தை அளக்கும் முறை. மற்ற வழிகளும் மோசமில்லை. அவை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பார்ப்போம்.

முதலில் கால அளவைத் தீர்மானியுங்கள்

மற்ற எல்லாத் தேர்வும் இதைப் பொறுத்துத்தான். டிரிப்சின் போட்டுக் கழற்றி, புதுத் தட்டில் விட்ட செல் சில நிமிடங்களில் தரையைத் தொடும். அப்போது அது உருண்டை. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சுற்றிலும் பளிச்சென்று ஓர் ஒளிவட்டம் இருக்கும். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இன்டெக்ரின் புரதங்கள், தட்டில் ஏற்கெனவே படிந்திருக்கும் ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் போன்ற ஒட்டுப் புரதங்களைப் பிடிக்கத் தொடங்கும். கால் மணி, அரை மணி போனதும் ஓரத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று வெளியே நீளும், சுருங்கும், திரும்ப நீளும். ஒளிவட்டம் மங்கி, செல் சாம்பல் நிறத்தில் தட்டையாகப் படுக்கும். இன்னும் சில மணி நேரத்தில் அடிப்பக்கம் சில மைக்ரோமீட்டர் நீளமுள்ள இறுக்கமான ஒட்டுப்புள்ளிகள் உருவாகும். அந்த இடங்களில் செல்லுக்கும் தரைக்கும் இடைவெளி 10 முதல் 15 நானோமீட்டர்தான். உள்ளே ஆக்டின் என்ற புரதத்தால் ஆன கயிறுகள் அந்தப் புள்ளிகளில் வந்து முடியும். செல் அந்தக் கயிற்றை இழுக்க இழுக்கப் புள்ளி பெரிதாகும். இழுப்பதை நிறுத்தினால் சிறுத்துவிடும்.

இது நிமிடங்களிலிருந்து மணிக்கணக்கு வரையான காலம். இரண்டாவது, நாள் கணக்கு. ஒரே தட்டில் செல் பெருகி, நெருங்கி, தானே ஃபைப்ரோநெக்டினையும் கொலாஜனையும் சுரந்து அடியில் ஒரு படுக்கை விரிக்கும் காலம். மூன்றாவது, பாசேஜ் கணக்கு. வாரக்கணக்கில் தட்டு மாற்றி மாற்றி வளர்க்கும்போது செல்லுக்கு வயதாகும் காலம். இந்த மூன்றும் வெவ்வேறு காரணங்களால் நடப்பவை. மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டால் எதனால் என்ன மாறியது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ஆறு மாதத்தில் இரண்டை எடுக்கலாம். மூன்றையும் எடுக்க வேண்டாம்.

இந்தப் படம் நமக்குக் கிடைத்த வரலாறும் சுவையானது. 1964இல் கர்டிஸ், ஒளிக் குறுக்கீட்டை வைத்துச் செல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை உயிரோடிருக்கும் செல்லிலேயே மதிப்பிட்டார். 1971இல் ஆபர்குரோம்பியும் அவருடன் இருந்தவர்களும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அந்த ஒட்டுப்புள்ளிகளை அடர்ந்த திட்டுகளாகக் கண்டார்கள். 1980இல் ஆல்பர்ட் ஹாரிஸ் மெல்லிய சிலிக்கோன் ரப்பர் படலத்தின் மேல் ஃபைப்ரோபிளாஸ்டை விட்டபோது, செல் இழுத்த இழுப்பில் படலமே சுருக்கம் விழுந்தது. இந்த மூன்று வேலைகளும் ஃபைப்ரோபிளாஸ்டின் மேல் நடந்தவை என்பதைக் கவனியுங்கள். ஒட்டுதலைப் படிக்க அது அவ்வளவு தோதான செல்.

எந்தச் செல்

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி வெரோ செல்லில் தயாரானது இங்கே பலருக்கும் தெரியும். அதனால் "வெரோ செல்லையே எடுத்துக்கொள்ளலாமே" என்று கேட்பார்கள். அந்த நிறுவனம் தொடங்கிய 1907ஆம் ஆண்டில்தான் ராஸ் ஹாரிசன் தவளையின் நரம்புத் திசுவை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டினார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த ஒற்றுமை. ஆனால் வெரோ, குரங்கின் சிறுநீரகத்து எபிதீலியல் செல். பக்கத்துச் செல்லோடு கைகோத்து விரிப்பு மாதிரி வளர்வது அதன் இயல்பு. இணைப்புத் திசுவைப் பற்றிய கேள்விக்கு அது பதில் சொல்லாது.

எல்929 மலிவு, சாகாது, எங்கும் கிடைக்கும். எலியின் இணைப்புத் திசுவிலிருந்து 1940களில் வந்த பழம்பெரும் செல் வரிசை. மருத்துவப் பொருட்களின் நச்சுத்தன்மையைச் சோதிக்க இதைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பழக்கத்தில் ஒட்டுதலுக்கும் இதையே எடுப்பவர்கள் உண்டு. நான் எடுக்க மாட்டேன். தரையே இல்லாமல் திரவத்தில் மிதக்கவிட்டும் வளர்க்கப் பழக்கப்படுத்திய செல் இது. ஒட்டாமலும் வாழத் தெரிந்த செல்லிடம் ஒட்டுதலைப் பற்றிக் கேட்டால், வரும் பதிலைச் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்டுக்குப் பொருத்திப் பேச முடியாது.

எலிக்கருவின் ஃபைப்ரோபிளாஸ்டிலிருந்து வந்த 3டி3 இதைவிட நல்ல தேர்வு. டொடாரோவும் கிரீனும் 1963இல் வெளியிட்டது. மூன்று நாளுக்கு ஒருமுறை, தட்டுக்கு மூன்று லட்சம் செல் என்ற ஒழுங்கில் மாற்றி மாற்றி வளர்த்ததால் அந்தப் பெயர். நன்றாகப் பரவும், ஒட்டுப்புள்ளிகள் தெளிவாகத் தெரியும், புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் கேட்டு வாங்கலாம். தட்டு நிரம்பும்வரை விட்டுவைக்கக் கூடாது என்பது முக்கியம். முக்கால்வாசி நிறைந்ததும் மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் நெருக்கத்திலும் பெருகத் தெரிந்த செல்கள் மட்டும் மேலோங்கி, சில வாரங்களில் உங்கள் கையில் இருப்பது வேறொரு கூட்டமாகிவிடும். நிமிடக் கணக்கில் அளப்பவர்களுக்கு 3டி3 தாராளமாகப் போதும். பாசேஜ் கணக்கில் முதுமையைப் பார்க்க விரும்புபவர்களுக்கு இது உதவாது. அது முதுமையைத் தாண்டி வந்துவிட்ட செல்.

முதுமைக்கு மனித ஃபைப்ரோபிளாஸ்ட்தான் சிறந்தது. ஹேஃபிளிக்கும் மூர்ஹெட்டும் 1961இல் காட்டியபடி, கருவிலிருந்து எடுத்த மனித ஃபைப்ரோபிளாஸ்ட் 40 முதல் 60 தடவை இரட்டித்ததும் நின்றுவிடும். நிற்பதற்கு முன்னால் செல் பெரிதாகி, அகன்று, தட்டையாகும்; அடியில் ஒட்டுப்புள்ளிகள் கூடும். அதை முழுக்கப் பின்தொடர மாதக்கணக்கில் தடைபடாத வளர்ப்பு வேண்டும். பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து, சிலிண்டர் லாரி ஏறாமல், மின்சாரமும் விட்டுவிட்டு வரும் வாரங்களை நினைத்துப் பாருங்கள். முனைவர் பட்டத்துக்குச் செய்பவர்கள் துணியலாம். முதுகலை மாணவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

இப்போது கோழிக்கரு. கடையில் விற்கும் நாமக்கல் முட்டையில் கரு இருக்காது. சேவல் இல்லாமல் இடும் முட்டை அது. பல்லடம் பக்கத்துப் பொரிப்பகங்களில் கருவுற்ற முட்டை கேட்டு வாங்க வேண்டும். பொரிப்பதற்கு முன் அதை வைத்திருக்கச் சொல்லும் வெப்பநிலை 15 முதல் 18 டிகிரி. ஒரு வாரம் வரை தாங்கும். ஊட்டியில் வருடத்தின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே கிட்டத்தட்ட அந்தக் குளிர் இருக்கும், தனிப் பெட்டி வேண்டாம். மலைப்பாதையில் குலுங்கி வந்த முட்டையை அகன்ற முனை மேலே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் இன்குபேட்டரில் வையுங்கள். உயரமான இடத்தில் குஞ்சு பொரிக்கும் விகிதம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியது 10, 11 நாள் கரு மட்டுமே.

எடுக்கும் வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் பயம் போகும். ஆல்கஹால் துடைத்த ஓட்டை அகன்ற முனையில் வட்டமாக உடைத்து, சவ்வைக் கிழித்து, வளைந்த இடுக்கியால் கழுத்தில் பிடித்துக் கருவைத் தூக்கிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். தலை, கைகால், வயிற்று உறுப்புகளை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கத்தரியால் கூழாகும்வரை நறுக்க வேண்டும். இரத்தச் சிவப்பு போகும்வரை கழுவி, டிரிப்சினில் 37 டிகிரியில் கலக்கி, வடிகட்டினால் கலங்கலான திரவம் கிடைக்கும். அதில் எல்லாவகைச் செல்லும் இருக்கும். தட்டில் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து மேல் திரவத்தை எடுத்துவிடுங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் சீக்கிரம் ஒட்டும் சாதி. மற்றவற்றில் பெரும்பாலானவை அதற்குள் ஒட்டியிருக்காது. ஆக, உங்கள் ஆய்வின் கருப்பொருளான ஒட்டும் வேகமே செல்லைப் பிரித்தும் கொடுக்கிறது. மாணவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது.

கோழி ஃபைப்ரோபிளாஸ்டுக்கு மனிதச் செல்லைவிட ஆயுள் குறைவு, அதனால் மாற்றங்களை ஆறு மாதத்துக்குள் பார்த்துவிடலாம். எலிச் செல் போல அவ்வளவு சுலபமாகத் தானாகச் சாகாவரம் பெற்றுவிடவும் செய்யாது. அலெக்சிஸ் காரல் 1912இல் தொடங்கிய கோழி இதயச் செல் வளர்ப்பு 34 ஆண்டுகள் நீடித்ததாகச் சொல்லப்பட்டது. பின்னால் வேறு யாராலும் அதைத் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. உணவாக ஊற்றிய கருச்சாற்றோடு புதுச் செல்களும் சேர்ந்து போயிருக்கலாம் என்பது பரவலான விளக்கம். குறைகளும் உண்டு: ஒவ்வொரு முட்டையும் கொஞ்சம் வேறுபடும், கோழிப் புரதத்தில் வேலை செய்யும் ஆன்டிபாடியாகப் பார்த்து வாங்க வேண்டும். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பரப்பு

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். 10 சதவீதச் சீரம் (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) கலந்த மீடியத்தில், அதாவது செல்லுக்கு ஊட்டம் தரும் திரவத்தில், செல்லை விட்டால், சீரத்தில் இருக்கும் விட்ரோநெக்டினும் ஃபைப்ரோநெக்டினும் தட்டில் படிந்து, எந்தப் பரப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆகிவிடும். அதனால் முதல் மணி நேரத்தை அளக்கும்போது சீரம் இல்லாமல் விடுங்கள். ஃபைப்ரோநெக்டின் பூசிய குழிகள் ஒரு வரிசை. ஆல்புமின் மட்டும் பூசிய, செல் ஒட்டக் கூடாத குழிகள் ஒரு வரிசை. கைவசம் பாலிலைசின் இருந்தால் மூன்றாவது வரிசையாக அதையும் பூசலாம். அங்கே செல் மின்னூட்டத்தால் ஒட்டும், இன்டெக்ரின் தேவைப்படாது. இந்த வித்தியாசம் ஒன்றே நிறையச் சொல்லும். ஃபைப்ரோநெக்டின் கட்டுப்படியாகாதவர்கள் ஜெலட்டின் பூசிச் சீரத்தோடு வைத்து நாள் கணக்குச் சோதனையை மட்டும் செய்யலாம்.

எப்படி அளப்பது

பெரும்பாலோர் எடுப்பது கழுவி எண்ணும் முறை. 96 குழித் தட்டில் செல்லை விட்டு, 10, 20, 40, 60 நிமிடத்தில் ஒட்டாததைக் கழுவிவிட்டு, மிச்சத்தை கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றி நிறத்தை அளப்பது. மலிவு, வேகம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கோடு தட்டையாகிவிடும். தோட்டத்தில் நட்ட தேயிலைக் கன்றை மறுநாள் இரண்டு விரலால் பிடுங்கலாம். ஒரு மழைக்காலம் போனால் கையால் இழுத்து வராது, ஐந்து வருடம் போனாலும் கையால் இழுத்து வராது. கையை மட்டும் வைத்து அளந்தால் அந்த இரண்டு செடிக்கும் ஒரே வேர் என்றுதான் முடிவுக்கு வருவோம். கழுவும் விசையும் அப்படித்தான். ஒட்டியதா இல்லையா என்று சொல்லும், எவ்வளவு இறுக்கம் என்று சொல்லாது.

இந்த முறையில் தப்பு நடப்பது கழுவும் கையில்தான். பிப்பெட் முனையைக் குழியின் நடுவில் வைத்து அழுத்தினால் நடுவில் ஒரு வட்டம் காலியாகும். சுவரோரமாக, ஒரே வேகத்தில், ஒரே ஆள் எல்லாக் குழிக்கும் விட வேண்டும். முடிந்தால் திரவத்தை உறிஞ்சாமல், தட்டையே திரவத்தில் கவிழ்த்து, ஒட்டாத செல்லைத் தானாகப் பிரிய விடுவது இன்னும் நல்லது.

மையவிலக்கு முறையைப் பலர் அடுத்தபடி என்று நினைக்கிறார்கள். குழியை நிரப்பி, மூடி ஒட்டி, தட்டைக் கவிழ்த்துச் சுற்றினால் செல் வெளியே இழுபடும். சுற்றும் வேகத்தை வைத்து விசையைக் கணக்கிடலாம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 16 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள செல்லின் கனஅளவு சுமார் 2,100 கன மைக்ரோமீட்டர். மீடியத்தைவிட அதன் அடர்த்தி 5 சதவீதம் அதிகம் என்று வைத்தால், புவியீர்ப்பின் ஒவ்வொரு மடங்குக்கும் செல்லை இழுக்கும் விசை ஏறக்குறைய 1 பைக்கோநியூட்டன். 1,000 மடங்கில் சுற்றினால் 1 நானோநியூட்டன். பரவி உட்கார்ந்த ஃபைப்ரோபிளாஸ்டின் ஒட்டுப்புள்ளியோ ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு 5.5 நானோநியூட்டன் இழுப்பைச் சாதாரணமாகத் தாங்குகிறது என்று 2001இல் பலபானும் சக ஆய்வாளர்களும் அளந்தார்கள். மொத்தம் 10 சதுர மைக்ரோமீட்டர் ஒட்டுப்புள்ளி இருந்தாலே 55 நானோநியூட்டன். அதற்கு 55,000 மடங்கு சுற்ற வேண்டும், தட்டு தாங்காது. ஆக, மையவிலக்கு முதல் 10, 15 நிமிடங்களுக்கு அருமையான முறை, அதற்கு மேல் எதையும் காட்டாது.

திரவத்தை ஓடவிட்டு அறுக்கும் பாய்வு அறையும், செல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி விசை பார்க்கும் அணுவிசை மைக்ரோஸ்கோப்பும் உண்டு. இரண்டாவதற்குக் கோயம்புத்தூரோ பெங்களூரோ போக வேண்டும். போனாலும் ஒரு நாளில் சில பத்து செல்லைத்தான் அளக்க முடியும். ப்ராஜெக்டுக்கு வேண்டாம்.

இனி டிரிப்சின் முறை. நான் ஆதரிப்பது இதைத்தான். தட்டில் 4 மணி, ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் இருந்த செல்லை எடுத்து, சீரம் துளியும் இல்லாமல் கழுவி, நீர்த்த டிரிப்சினை 37 டிகிரியில் விட்டு, அரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருங்கள். முதலில் விளிம்பு உள்ளே இழுபடும். நீண்ட வால்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் அவையும் விட்டுப்போய்ச் செல் உருண்டு, பழைய ஒளிவட்டம் திரும்ப வரும். பாதிச் செல்கள் உருண்டையாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் உங்கள் எண். மைக்ரோஸ்கோப்பும் ஃபோனும் இருந்தால் போதும்.

இதற்கு வரும் நியாயமான எதிர்ப்பு, டிரிப்சின் அளப்பது ஒட்டும் விசையை அல்ல, புரதம் வெட்டுப்படும் வேகத்தை என்பது. சரிதான். அதனால் இணையாக ஒரு தட்டில் ஈ.டி.டி.ஏ மட்டும் போடுங்கள். அது புரதத்தை வெட்டாது. இன்டெக்ரின் பிடிக்கத் தேவையான கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவே. நாள் ஆக ஆக டிரிப்சின் நேரம் நீண்டு, ஈ.டி.டி.ஏ நேரம் மாறாமல் இருந்தால், மாற்றம் பெரும்பாலும் செல் விரித்த படுக்கையில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்து நீண்டால் பிடிப்பே இறுகியிருக்கிறது. இந்த ஒப்பீட்டிலிருந்து கிடைக்கும் தகவல் வேறெந்த மலிவான முறையிலும் கிடைக்காது. வாய்ப்பிருந்தால் ஒட்டுப்புள்ளியில் சேரும் புரதங்களான வின்குலினுக்கோ பாக்சிலினுக்கோ ஆன்டிபாடி போட்டு, ஒட்டுப்புள்ளிகளை ஒளிரவைத்து ஒரு சில படமாவது எடுங்கள். எண்கள் சொல்வதை அந்தப் படங்கள் கண்ணுக்குக் காட்டும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, செல் நெருக்கம். தட்டு நிரம்பியிருந்தால் தனித்தனியாகக் கழலாமல் விரிப்பாக உரிந்து வரும். எனவே எந்த நாளில் அளந்தாலும் முக்கால்வாசி நிறைந்த இடங்களிலேயே எண்ணும்படி விதைக்கும் எண்ணிக்கையை மாற்றி விடுங்கள். இன்னொன்று, இரண்டாகப் பிளந்து பெருகப்போகும் செல் தானாகவே உருண்டையாகும். நன்றாக ஒட்டியிருக்கும் தட்டிலும் அப்படிச் சில எப்போதும் இருக்கும். டிரிப்சின் போடுவதற்கு முந்தைய படத்தில் அவற்றை எண்ணிக் கழித்துவிட வேண்டும்.

மலை உயரம் செய்யும் வேலை

மற்ற ஊர்க்காரர்களின் செய்முறையை அப்படியே எடுத்தால் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். கொடைக்கானலிலும் நிலைமை ஏறக்குறைய இதேதான். இன்குபேட்டரில் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், சதவீதம் அதே 5தான், ஆனால் மீடியத்தில் கரைவது அழுத்தத்தைப் பொறுத்தது. கடல்மட்டத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவாக வைத்ததற்குச் சமமாகிவிடும். மீடியத்தின் பி.எச் 0.1க்குக் கொஞ்சம் மேலே ஏறும். மீடியத்தில் இருக்கும் நிறங்காட்டியான ஃபீனால் ரெட் இளஞ்சிவப்புப் பக்கம் சாய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒட்டுதல் பி.எச்சுக்கு அசையும் விஷயம் என்பதால் இதை விடக் கூடாது.

மூன்று வழி இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடை 6.5க்கும் 7க்கும் நடுவில் வைக்கலாம்; பைகார்பனேட்டைக் குறைக்கலாம்; பி.எச்சை நிலையாக வைக்கும் ஹெப்பஸ் சேர்க்கலாம். முதலாவதுதான் நேர்வழி, சிலிண்டர் மட்டும் சீக்கிரம் தீரும். லிட்டருக்கு 3.7 கிராம் பைகார்பனேட் உள்ள மீடியம் 10 சதவீதக் கார்பன் டை ஆக்சைடுக்கென்று அமைந்தது. அதை இங்கே 5இல் வைத்தால் காரத்தன்மை ரொம்பவே கூடிவிடும். 2.2 கிராம் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் சிலிண்டர் செலவும் கட்டுப்படும். எதைச் செய்தாலும், ஓர் இரவு இன்குபேட்டரில் வைத்த மீடியத்தை எடுத்த உடனே பி.எச் பாருங்கள். இன்குபேட்டரின் முகப்பில் தெரியும் எண்ணைவிட அதுதான் நம்பத் தகுந்தது.

நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 15 பவுண்டு என்று முள்ளை மட்டும் பார்த்து வைத்தால் உள்ளே 121 டிகிரி வராது, 117 பக்கம் நின்றுவிடும். 18, 19 பவுண்டு வேண்டும். கலனின் அனுமதி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நேரத்தைக் கூட்டுங்கள். ஆடியிலும் ஐப்பசியிலும் சுவரே வியர்க்கும் ஊரில் இந்த நான்கு டிகிரியை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அப்புறம் குளிர். சென்னையில் 'அறை வெப்பத்தில் கழுவவும்' என்றால் 30 டிகிரி. மார்கழியில் ஊட்டியில் அதே வாக்கியம் 12, 13 டிகிரி. குளிர்ந்த திரவம் பட்டால் செல்லுக்குள் சட்டகமாக இருக்கும் மைக்ரோட்யூபியூல் என்ற நுண்குழல்கள் குலையும், விளிம்பு சுருங்கும், பிடிப்பே மாறும். கழுவும் திரவம், டிரிப்சின், மைக்ரோஸ்கோப் மேடை எல்லாம் 37க்கு வந்திருக்க வேண்டும். சூடேற்றும் மேடை இல்லாதவர்கள், மேடையின் மேல் வெந்நீர்ப் பை வைத்த தெர்மக்கோல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் செருகிக்கொண்டு வேலை பார்க்கலாம். டிரிப்சின் முறைக்கு இது கட்டாயம். நான்கைந்து டிகிரி வித்தியாசமே கழலும் நேரத்தை இழுத்தடிக்கும். அதை வயதான செல்லின் இறுக்கம் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

பாசேஜ் கணக்கில் ஒப்பிடப் போகிறவர்கள் முதல் மாதமே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. இரண்டாம் பாசேஜில் ஒரு பகுதிச் செல்லை உறைய வைத்துவிடுங்கள். ஜூனில் அளந்த இளம் செல்லையும் நவம்பரில் அளந்த முதிய செல்லையும் ஒப்பிட்டால் சீரம் பாட்டில், டிரிப்சின் பாட்டில், பருவம், அளந்த கை எல்லாம் நடுவில் மாறியிருக்கும். பத்தாம் பாசேஜ் வந்ததும் அதையும் உறைய வைத்து, இரண்டையும் ஒரே நாளில் உருக்கி, ஒருமுறை தட்டு மாற்றித் தேறவிட்டு, ஒரே தட்டின் அடுத்தடுத்த குழிகளில் விட்டு அளக்க வேண்டும். உறைந்து உருகிய அதிர்ச்சி இரண்டுக்கும் சமமாக இருப்பதற்காகத்தான் முதியதையும் உறைய வைக்கச் சொல்கிறேன். திரவ நைட்ரஜன் மலை ஏறி வரும் நாளைக் கேட்டு, அதற்கு முந்தின நாள் செல்லை உறைபதத்துக்குத் தயார் செய்து மைனஸ் 80இல் வைத்திருந்தால் வேலை சுலபம்.